“எல்லாம் ஓகே தானே?” என்று கேட்டேன், எல்லாரும் “ஓகே சார்” என்றார்கள்

புதுப்பொறுப்பு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மாதத்துக்கு முன் 11 பேர் கொண்ட ஒரு மென்பொருள் டீமுக்கு மேனேஜராக வந்தேன். எனக்கு முன் இருந்தவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். முதல் வாரமே டீம் எனக்குப் பிடித்துப்போனது. சண்டை இல்லை, சத்தம் இல்லை, மீட்டிங் எல்லாம் குறித்த நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும். பழைய இடத்தில் ஒரு மீட்டிங் முடிவதற்குள் இரண்டு பேராவது முறைத்துக்கொள்வார்கள். அதனால் இங்கே வந்தது அதிர்ஷ்டம் என்றே நினைத்தேன்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளரின் பழைய ரெக்கார்டுகளைப் புது சிஸ்டத்துக்கு மாற்றும் வேலை. தேதி குறித்தாகிவிட்டது. வாராவாரம் கேட்டேன், “எல்லாம் ஓகே தானே?” வாராவாரம் அதே பதில், “ஓகே சார்.” தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வாடிக்கையாளரே போன் செய்து, “டெஸ்ட் ரன்னில் பழைய ரெக்கார்டு பாதி வரவே இல்லையாமே?” என்றார். நான் வாயடைத்துப் போனேன். விசாரித்தால், டீமில் நாலு பேருக்கு அது மூன்று வாரமாகத் தெரியும்.

கூப்பிட்டுக் கேட்டேன். ஒருவர், “நீங்க கேக்கலையே சார்” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். அன்று மாலை லிஃப்டுக்காக நிற்கும்போது, டீமிலேயே சின்னவரான ஒரு பெண் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “முன்னாடி இந்த மாதிரி போய்ச் சொன்னவரை அடுத்த மாசமே வேற வேலைக்கு மாத்திட்டாங்க சார்.” அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. உள்ளே வேறு ஆட்கள் இருந்தார்கள். பேச்சு அதோடு நின்றுபோனது.

இதுவரை நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். எப்போது வேண்டுமானாலும் என் கேபினுக்கு வரலாம் என்று அறிவித்தேன். டீம் அவுட்டிங் போனோம், எல்லாரும் சிரித்தார்கள், குரூப் போட்டோ எடுத்தோம். பெயர் போடாமல் கருத்து எழுத ஒரு படிவம் வைத்தேன். இரண்டு பதில் வந்தது. ஒன்றில், ஏசி ரொம்பக் குளிர்கிறது. இன்னொன்றில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி.

நம்பிக்கையான சூழல் என்று எல்லாரும் பேசுகிறார்கள். அதை எங்கிருந்து பிடிப்பது? அந்த நாலு பேரை என்ன செய்வது? மெமோ கொடுக்கச் சொல்கிறது எங்கள் ஹெச்ஆர்.

ஷிஃப்ட்_மாமா

தம்பி, அந்த ஆள் சொன்னது சரி. நீங்கள் கேட்கவில்லை. “ஓகே தானே?” என்பது கேள்வியே இல்லை. அந்த “தானே”யில் பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதற்கு இல்லை என்று சொல்ல ஒருவனுக்குத் துணிச்சல் வேண்டும். ஆமாம் என்று சொல்ல எதுவும் வேண்டாம். “இதில் எது முதலில் புட்டுக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். எதுவும் இல்லை என்று சொல்பவன்தான் அப்போது யோசிக்க வேண்டியிருக்கும்.

நான் 26 வருடம் உற்பத்தி லைனில் சூப்பர்வைசராக இருந்தவன். டொயோட்டாவின் ஆண்டான் கயிறு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லைன் நெடுக ஒரு கயிறு, ஏதாவது தப்பாகத் தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். இழுத்த உடனே லைன் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலில் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். அந்த ஸ்டேஷனுக்கு உள்ள நேரத்துக்குள் சரிசெய்ய முடிந்தால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும். முடியாவிட்டால்தான் நிற்கும். அதாவது அந்தக் கயிறு லைனை நிறுத்துவதற்கு முன்னால் ஆளைக் கூப்பிடுகிறது.

எங்கள் பிளாண்டிலும் அதைப் பார்த்து ஒன்று மாட்டினார்கள். நாலு மாதம் யாரும் தொடவில்லை. கயிறில் தூசி படிந்திருந்தது. ஏன் என்று எனக்கே பிறகுதான் உறைத்தது. விளக்கு எரிந்ததும் ஓடிப்போய் நான் முதலில் கேட்டது, “யாருப்பா இழுத்தது?” அதை “என்ன ஆச்சு?” என்று மாற்ற எனக்கு ஒரு வருடம் ஆனது. வாய் அப்படிப் பழகியிருந்தது. மாற்றிய பிறகும் ஆறேழு வாரம் ஆனது, ஒருவன் வந்து தைரியமாக இழுக்க.

அமெரிக்காவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் பிளாண்ட் ஒன்று இருந்தது. ஆப்சென்ட், குடி, குழறுபடி என்று பெயர் கெட்டு 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து நம்மி என்ற பெயரில் திறந்தபோது, எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளிகள், அதே யூனியன். கொஞ்ச காலத்தில் தரத்தில் ஜப்பான் பிளாண்டுகளோடு ஒப்பிடும் அளவுக்கு வந்தார்கள். ஆள் சரியில்லை என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்கு நம்மிதான் ஞாபகம் வரும்.

மூணாம்_பெஞ்ச்

எல்லாரும் மேனேஜர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் அந்த நாலு பேரில் ஒருவன் மாதிரி. அவர்கள் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன்.

பிரச்சினையைச் சொன்னால் லாபம் கம்பெனிக்கு, அதுவும் என்றைக்கோ ஒரு நாள். நஷ்டம் எனக்கு, அதுவும் இன்றைக்கே. சொல்லாமல் இருந்தால்? மாட்டினால் நாலு பேரோடு சேர்ந்து மாட்டுவேன், மாட்டாமலும் போகலாம். இந்தக் கணக்கில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை. வீட்டு லோன் கட்டுகிற எவனும் இதே கணக்கைத்தான் போடுவான்.

என் பழைய மேனேஜர் ஒருவர் முதல் நாள் பேசும்போது, “எனக்கு எதிராகப் பேசுங்கள், அதுதான் எனக்குப் பிடிக்கும்” என்றார். நம்பினேன். அவர் போட்ட அட்டவணை நடக்காது என்று மீட்டிங்கிலேயே சொன்னேன். “குட் பாயிண்ட்” என்று சிரித்தார். ஆறு மாதம் கழித்து அப்ரைசல் படிவத்தில் ஒரு வரி: “டீமோடு ஒத்துப்போவதில் முன்னேற்றம் தேவை.” அட்டவணை நான் சொன்னபடியேதான் புட்டுக்கொண்டது, அதைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

எனவே புதுப்பொறுப்பு சார், நீங்கள் என்ன அறிவித்தீர்கள் என்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். முதலில் வாய் திறந்தவனுக்கு என்ன ஆனது என்று பார்ப்பார்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர் அதை ஏற்கெனவே காட்டிவிட்டார்.

வார்டு_இன்சார்ஜ்

மூணாம்_பெஞ்ச் சொன்ன கணக்கு மருத்துவமனையில் இன்னும் கொடூரமாக இருக்கும். அங்கே சொல்லாமல் விட்டால் பலியாவது நோயாளி.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைப் பற்றி ஆராய்ந்தார். நல்ல டீம் உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல டீம்களில்தான் அதிகத் தவறு பதிவாகியிருந்தது. காரணம், அங்கே நடந்ததைச் சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். அதிலிருந்துதான் 1999-ல் அவர் எழுதிய கட்டுரை வந்தது. ‘உளவியல் பாதுகாப்பு’, அதாவது தவறையோ சந்தேகத்தையோ பயமில்லாமல் சொல்ல முடிகிற சூழல் என்று இப்போது எல்லாரும் ஸ்லைடில் போடுகிறார்களே, அது பரவியது அந்தக் கட்டுரையால்தான்.

இதைப் படிக்கும் முன்பே எனக்கு அனுபவத்தில் தெரியும். எங்கள் வார்டில் ஒரு சமயம் மூன்று மாதம் தொடர்ந்து தவறு அறிக்கை பூஜ்யம். மேலே இருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 30 படுக்கை, மூன்று ஷிஃப்ட், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான டோஸ், அதில் ஒரு தவறுகூட இல்லையா? மனிதர்கள் வேலை பார்க்கும் இடத்தில் அது நடக்காது.

பிறகு ஒரு நாள் இரவு இரண்டு மணி இருக்கும். புது நர்ஸ் ஒருத்தி கையில் சிரிஞ்சோடு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. டோஸை பத்து மடங்கு அதிகமாக எடுத்துவிட்டாள், புள்ளியைக் கவனிக்கவில்லை. போடப்போன நொடியில் சந்தேகம் வந்து நிறுத்தியிருக்கிறாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்லாமல் கொட்டியிருந்தால் யாருக்கும் தெரியாது. என் வாயில் முதலில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. விழுங்கிவிட்டேன். “உட்காரு. எந்தக் குப்பி, எங்கே இருந்து எடுத்தே, காட்டு” என்றேன். போய்ப் பார்த்தால் ஒரே நிற மூடியில் இரண்டு வேறு வலுவுள்ள குப்பிகள் பக்கத்துப் பக்கத்தில். மறுநாளே பிரித்து வைத்தோம். ஷிஃப்ட் மாறும்போது எல்லார் முன்னாலும், அவளிடம் கேட்டுக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லியே, இதைக் கண்டுபிடித்தது இவள் என்றேன். அடுத்த மாதம் அறிக்கை ஏழு. மேலே இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, அது வேறு கதை.

உங்கள் டீமில் சண்டை இல்லை, மீட்டிங் சீக்கிரம் முடிகிறது என்றீர்களே, அது எனக்கு அந்த பூஜ்யம் மாதிரியே தெரிகிறது.

கணக்குப்பிள்ளை_77

எல்லாரும் உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

நானும் நல்ல மேனேஜராக இருந்து பார்த்தவன். யாரையும் கடிந்து பேசவில்லை, யார் தேதி தள்ளிக் கேட்டாலும் சரி என்றேன். டீமில் ஒருவர் வேலையே செய்யவில்லை. மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் இரவுகளில் அவருடைய பங்கையும் மற்ற மூன்று பேர் சேர்த்து முடித்தார்கள். எனக்குத் தெரியும், ஆனால் அவரிடம் பேசத் தயங்கித் தயங்கி எட்டு மாதம் ஓட்டினேன். கடைசியில் அந்த மூன்று பேரில் மிகச் சிறந்தவள் ராஜினாமா கொடுத்தாள். “சார், நீங்க நல்லவர்தான். ஆனா உங்களை நம்ப முடியலை” என்றாள். இன்றும் அந்த வாக்கியம் காதில் இருக்கிறது.

மூன்று வாரம் தெரிந்தும் வாய் திறக்காததைச் சும்மா விட்டால், ஒழுங்காகச் சொல்கிறவர்களுக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மெமோ கொடுங்கள். கடுமையாக வேண்டாம். ஆனால் எழுத்தில் இருக்கட்டும்.

மூணாம்_பெஞ்ச்

கொடுங்கள் கொடுங்கள். அடுத்த தடவை மூன்று வாரம் தெரிந்தவர்கள் யார் என்றே உங்களுக்குத் தெரியவராது.

கணக்குப்பிள்ளை_77

அப்படியானால் எதற்குமே பொறுப்பு கிடையாதா? தப்பு செய்தவனுக்கும் கைதட்டல், மறைத்தவனுக்கும் கைதட்டலா?

டவர்_காது

இரண்டு பேரும் சொல்வதற்கு நடுவில் விமானத் துறை எப்போதோ ஒரு கோடு கிழித்துவிட்டது. நான் அந்தத் துறைக்காரன், அதனால் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1976-லிருந்து ஒரு ஏற்பாடு உண்டு. பைலட்டோ கன்ட்ரோலரோ தவறு செய்தால், 10 நாளுக்குள் தானே அறிக்கை அனுப்பினால், அது வேண்டுமென்றே செய்ததாகவோ குற்றச் செயலாகவோ விபத்தாகவோ இல்லாதவரை தண்டனையிலிருந்து பெரும்பாலும் விலக்கு. அறிக்கையை வாங்குவது தண்டிக்கும் அமைப்பு இல்லை, நாசா. பெயரை நீக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். இதுவரை லட்சக்கணக்கில் அறிக்கை வந்திருக்கிறது. பாருங்கள், பொறுப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பு தவறு செய்யாமல் இருப்பது இல்லை. 10 நாளுக்குள் சொல்வது. சொன்னவனுக்குக் குடை, சொல்லாதவன் மழையில்.

ஏன் இவ்வளவு தூரம் போனார்கள் என்றால், சொல்லாமல் விட்டதன் விலை அங்கே உடனே தெரியும். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு. மூடுபனியில் இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். அதில் ஒன்று நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனத்துடையது. அதன் கேப்டன் அனுமதி வராமலே புறப்படத் தொடங்கிவிட்டார். எதிர் விமானம் இன்னும் பாதையில் இருக்கிறதோ என்று ஃப்ளைட் எஞ்சினியருக்குச் சந்தேகம். கேட்டும் விட்டார். கேப்டன் சாதாரண ஆள் இல்லை, அந்த நிறுவனத்திலேயே 747 ஓட்டப் பயிற்சி கொடுப்பவர்களில் தலையானவர். அழுத்தமாகப் பதில் சொன்னார். எஞ்சினியர் இன்னொரு முறை கேட்கவில்லை. இதைப் போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், 1979-ல் நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து தொடங்கி, சின்னவர் எப்படி மறுபடி சொல்வது, பெரியவர் எப்படிக் காது கொடுப்பது என்று தனியாகப் பயிற்சியே வந்தது. பெரியவருக்கும் பயிற்சி, அதைக் கவனியுங்கள். “தைரியமாகச் சொல்லுங்கள்” என்று சின்னவருக்கு மட்டும் உபதேசம் செய்வதோடு நிற்கவில்லை.

புதுப்பொறுப்பு, என் யோசனை: நடந்து முடிந்ததற்கு மெமோ வேண்டாம். அப்போது உங்கள் டீமில் குடையே இல்லை, முந்தைய ஆள் நனைந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். குடை இல்லாத ஊரில் நனைந்ததற்கு அபராதம் போட முடியாது. இனிமேலுக்கு விதியை அறிவியுங்கள். கெட்ட செய்தி தெரிந்து இரண்டு நாளுக்குள் சொன்னால் பாதுகாப்பு என் பொறுப்பு. அதற்கு மேல் மறைத்தால், தவறுக்கு இல்லை, மறைத்ததற்குக் கேள்வி வரும்.

கணக்குப்பிள்ளை_77

சரி. இது எனக்கு ஒத்துவருகிறது.

மூணாம்_பெஞ்ச்

எனக்கு முக்கால்வாசி ஒத்துவருகிறது. விமானத்தில் அது துறையின் விதி, அறிக்கை வாங்குவதும் வெளி அமைப்பு. இங்கே குடை பிடிப்பவரும் அப்ரைசல் எழுதுபவரும் ஒரே ஆள். அவர் நாளைக்கு வேறு பிரிவுக்குப் போனால் குடையும் கூடவே போய்விடும். முந்தையவர் போன மாதிரி.

ஹெச்ஆர்_பழையவள்

எங்களைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் வருகிறேன். மெமோ கொடுக்கச் சொன்னதற்கு அந்த ஹெச்ஆர் ஆளைத் திட்டாதீர்கள். ஃபைலில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் சாபம்.

பெயரில்லாப் படிவம் பற்றி மட்டும் ஒரு விஷயம். 11 பேர் உள்ள டீமில் வயது, எத்தனை வருட அனுபவம், ஆணா பெண்ணா என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், பெயர் எழுதத் தேவையே இல்லை. எல்லாருக்கும் அது தெரியும். இன்னொன்று, போன வருடம் எழுதியதற்கு என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லாமலே இந்த வருடப் படிவத்தை அனுப்புவோம். அந்த முற்றுப்புள்ளி போட்டவரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஏசியைக் குறைத்தீர்களா? குறைக்கவில்லை என்றால் இன்றைக்கே குறையுங்கள். குறைத்துவிட்டு, படிவத்தில் எழுதியிருந்தது, அதனால் செய்தேன் என்று சொல்லுங்கள். சின்ன விஷயத்தில் தூண்டில் போட்டுத்தான் பார்ப்பார்கள்.

இருப்பதிலேயே பெரிய தடையை யாரும் சொல்லவில்லை. உங்கள் நிறுவனத்தில் ஆட்களை ஒருவருக்கொருவர் வரிசைப்படுத்தி, கடைசியில் இத்தனை பேர் இருந்தே ஆக வேண்டும் என்ற முறை இருக்கிறதா? இருந்தால் நீங்கள் என்ன பேசினாலும் வீண். பக்கத்து சீட்டுக்காரனுக்கு உதவினால் நான் ஒரு படி இறங்குவேன் என்றால் யார் உதவுவார்கள்? மைக்ரோசாஃப்ட் பல வருடம் அதை வைத்திருந்து 2013-ல்தான் கைவிட்டது. அந்த முறையை ஒழிப்பது உங்கள் கையில் இருக்காது. ஆனால் அது இருப்பதைத் தெரியாதது மாதிரி நடிக்காமல் டீமிடம் வெளிப்படையாகப் பேசுவது உங்கள் கையில் இருக்கிறது.

ஷிஃப்ட்_மாமா

கணக்குப்பிள்ளை கைதட்டல் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. 2006-ல் ஃபோர்டுக்குத் தலைவராக வந்த ஆலன் முலாலி, வாராவாரம் எல்லா உயரதிகாரிகளையும் உட்கார வைத்து ரிப்போர்ட் கேட்பார். நன்றாகப் போனால் பச்சை, சிக்கல் என்றால் சிவப்பு. கம்பெனி அந்த வருடம் பல நூறு கோடி டாலர் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் சார்ட் எல்லாம் பச்சைப் பசேல். கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்பவர் ஒரு புது வண்டியின் அறிமுகத்தில் சிக்கல் என்று சிவப்புக் காட்டினார். அறையே உறைந்துபோனது. முலாலி கைதட்டினார். இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அடுத்த வாரங்களில் மற்றவர்களின் சார்ட்டும் நிறம் மாறத் தொடங்கியது.

மூணாம்_பெஞ்ச்

கைதட்டலை நான் நம்பமாட்டேன். எனக்குக் கிடைத்த “குட் பாயிண்ட்”டும் அதே ஜாதி. ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. சிவப்புக் காட்டிய ஆளுக்கு வேலை போகும் என்றே மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். போகவில்லை. 2014-ல் முலாலி ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரும் அதே ஃபீல்ட்ஸ்தான். அதைப் பார்த்து நம்பினால் அர்த்தம் இருக்கிறது.

புதுப்பொறுப்பு

எல்லாருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். சினிமா மாதிரி ஒன்றும் நடக்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மெமோ கொடுக்கவில்லை. ஹெச்ஆர் முகம் கொஞ்சம் கோணியது. டீமைக் கூட்டி, அந்தத் தேதியை உங்கள் யாரையும் கேட்காமல் நானே வாடிக்கையாளரிடம் ஒத்துக்கொண்டேன், அது என் தவறு என்றேன். ஒரு பெரிய அமைதி. யாரோ பேனாவைத் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது. என் வாழ்க்கையின் நீளமான பதினைந்து நொடி. பிறகு அந்த இரண்டு நாள் விதியைச் சொன்னேன். மூணாம்_பெஞ்ச் சொன்னதை மனதில் வைத்து அதை எழுதி, எனக்கு மேலே இருப்பவரிடமும் கையெழுத்து வாங்கினேன். அவர், “இதெல்லாம் எதற்கு?” என்றபடி போட்டுக் கொடுத்தார்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை மாலை 6.40-க்கு ஒரு மெசேஜ். அடுத்த வெளியீட்டில் ஒரு பகுதி முடியாது. கிளம்பிக்கொண்டிருந்தேன். கை தானாக, “ஏன் இதை முன்னாடியே” என்று டைப் செய்துவிட்டது. அழித்தேன். மறுபடி டைப் செய்து மறுபடி அழித்தேன். கடைசியில், “இப்ப சொன்னது நல்லது. எத்தனை நாள் வேணும்னு மட்டும் சொல்லுங்க, வாடிக்கையாளர்கிட்ட நான் பேசறேன்” என்று அனுப்பினேன். ஆறு நாள் என்று பதில் வந்தது. திங்கட்கிழமை மேலிடத்தில் எனக்கு நன்றாகவே விழுந்தது. அதைக் கீழே இறக்கவில்லை. ஆனால் மதியம் முழுக்க என் முகம் சரியில்லை, அது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதை எப்படிச் சமாளிப்பது என்று இன்னும் தெரியவில்லை.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்த நாலு பேரில் ஒருவர் ராஜினாமா கொடுத்துவிட்டார். லிஃப்டில் அந்தப் பெண் சொன்னாரே, சொன்னதற்காக மாற்றப்பட்டவர் என்று, அவருடைய நெருங்கிய நண்பராம். என் மேல் கோபம் இல்லை என்றார். “லேட்டா வந்துட்டீங்க சார், அவ்வளவுதான்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஏசியைக் குறைத்தேன். அதற்கு மட்டும் மூன்று பேர் நன்றி சொன்னார்கள்.

வார்டு_இன்சார்ஜ்

முகம் சரியில்லாததை மறைக்காதீர்கள். எதனால் என்று சொல்லிவிடுங்கள். “மேலே திட்டு வாங்கினேன், உங்களால் இல்லை, தேதி விஷயத்தில்” என்று இரண்டு வரி போதும். நீங்கள் சொல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வார்டில் டாக்டர் முகத்தைச் சுளித்தால் நாலு நர்ஸுக்குத் தூக்கம் போய்விடும், கடைசியில் பார்த்தால் அவருக்குப் பல்வலியாக இருக்கும்.

போனவரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பழைய கணக்கை நீங்கள் ஒருவரே அடைக்க முடியாது.

கணக்குப்பிள்ளை_77

அந்த ஆறு நாள் ஆறு நாளில் முடிந்ததா? அதைச் சொல்லவில்லையே.

புதுப்பொறுப்பு

எட்டு நாள் ஆனது. ஆனால் ஐந்தாவது நாளே எட்டாகும் என்று சொல்லிவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை_77

எனக்கு அது போதும்.

மூணாம்_பெஞ்ச்

வெள்ளிக்கிழமை மெசேஜ் அனுப்பியது யார்? லிஃப்ட் பெண்ணா?

புதுப்பொறுப்பு

இல்லை. சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு புதுப் பையன். எனக்கு முன்னால் இருந்தவரை அவன் பார்த்ததே இல்லை. போன மீட்டிங்கில் நான் பழக்கதோஷத்தில் “ஓகே தானே?” என்று கேட்டபோது, “சார், மறுபடி தானே போட்டுட்டீங்க” என்று சொன்னதும் அவன்தான். மற்றவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

மூணாம்_பெஞ்ச்

அப்படியானால் பழைய ஆட்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.

புதுப்பொறுப்பு

இல்லை. அவனுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்ரைசலுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது.